உலர்ந்த கஞ்சாப் பூவை வீட்டில் வைப்பது எப்படி: மணம் ஏன் போகிறது, பூசணம் ஏன் வருகிறது

கேள்வி இதுதான்: 28 கிராம் உலர்ந்த பூவை வாங்கி, மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் சமையலறை அலமாரியில் வைத்திருந்தும், இரண்டே மாதத்தில் அது சருகாகி, மணமும் போய்விட்டது. ஆரஞ்சுத் தோல் போட்டு வைத்தால் பழையபடி ஆகுமா? இனிமேல் ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

ஆரஞ்சுத் தோல் வேண்டாம். ஃபிரிட்ஜ் பெரும்பாலும் தேவைப்படாது. காய்ந்த பூவுக்கு ஈரத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். போன மணத்தைத் திருப்பிக் கொடுக்க வழியே இல்லை. இந்த வேறுபாடு பிடிபட்டால் மற்றவை தானே விளங்கும். சட்டம் அனுமதிக்கும் இடத்தில், மருத்துவர் பரிந்துரையிலோ உரிமம் பெற்ற கடையிலோ வாங்கிய, முறையாகப் பதப்படுத்திய பூவை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

"கெட்டுப்போச்சு" என்ற ஒரே சொல்லில் நாம் நான்கு வெவ்வேறு விஷயங்களைப் போட்டு அடைக்கிறோம். ஈரம் குறைந்து பூ பொடியாக உதிர்வது ஒன்று. மணம் தரும் டெர்பீன் எண்ணெய்கள் ஆவியாகிப் போவது இன்னொன்று. போதைக்குக் காரணமான டிஎச்சி என்ற வேதிப்பொருள் ஒளியாலும் ஆக்சிஜனாலும் சிதைந்து வீரியம் குறைவது மூன்றாவது. ஈரம் மிஞ்சிப் பூசணம் பிடிப்பது நான்காவது. ஒவ்வொன்றுக்கும் காரணம் தனி. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றைக் கூட்டிவிடும். காய்ந்துவிட்டதே என்று ஈரத்தைச் சேர்த்தால் பூசணத்துக்கு வாசல் திறக்கிறோம். பூசணத்துக்குப் பயந்து அடிக்கடி மூடியைத் திறந்துவைத்தால் மணத்தை வெளியே அனுப்புகிறோம்.

ஈரத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் உங்கள் பூவுக்கு என்ன நடந்தது என்பது அங்கேதான் தெரிகிறது. உலர்ந்த பூ கையில் எப்படி இருக்கிறது என்பதைவிட, அதை மூடி வைத்த ஜாடிக்குள் காற்றின் ஈரப்பதம் எவ்வளவு என்பதே நம்பத்தக்க அளவு. 55 முதல் 65 சதவீதத்துக்குள் இருந்தால் பூ பாதுகாப்பான நிலையில் இருக்கிறது. தர அளவுகளை வகுக்கும் ஏஎஸ்டிஎம் அமைப்பின் டி8197 தரமும் இதையே 0.55 முதல் 0.65 வரையிலான நீர்ச்செயல்பாடு என்று குறிக்கிறது. மூடிய ஜாடியின் ஈரப்பதச் சதவீதத்தை நூறால் வகுத்தால் வருவதுதான் அந்த எண். 65க்கு மேலே போகப் போகப் பூசணங்களுக்கு வளர இடம் கிடைக்கிறது. 50க்குக் கீழே பூ நொறுங்கத் தொடங்கும், டிஎச்சியும் மண எண்ணெயும் தங்கியிருக்கும் பிசின் சுரப்பிகள் உதிரும். வீட்டில் வைப்பதற்கு 58 முதல் 62 வரை பிடித்து வைப்பதே நல்லது என்பது என் கருத்து. 65 என்பது எல்லைக்கோடு. மலிவான கருவியின் பிழையையும் சேர்த்தால் அங்கே நிற்பது ஆபத்து.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 25 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் காற்று அதிகபட்சம் 23 மில்லிகிராம் நீராவியைத்தான் தாங்கும். ஜாடிக்குள் 60 சதவீதம் என்றால் ஏறக்குறைய 14 மில்லிகிராம். அதே ஜாடியில் இருக்கும் 28 கிராம் பூவில், பத்து சதவீதம் ஈரம் என்று வைத்தால், 2.8 கிராம் தண்ணீர் இருக்கிறது. அதாவது காற்றில் இருப்பதைப்போல இருநூறு மடங்கு. ஆகவே ஜாடிக்குள் ஈரப்பதத்தைத் தீர்மானிப்பது பூ. காற்று அதன் பின்னால் போகிறது. வெளியே வறண்ட 30 சதவீதக் காற்று இருந்து, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஜாடியின் காற்று முழுவதும் மாறினாலும், இழப்பது ஏழு மில்லிகிராம்தான். ஐம்பது முறை திறந்தாலும் அரைக் கிராம் தண்ணீர்கூடப் போகாது.

இதிலிருந்து உங்கள் பிரச்சினைக்கு விடை கிடைக்கிறது. நிறைந்த ஜாடியில் இருந்த பூ இரண்டே மாதத்தில் சருகானது என்றால், நீங்கள் அவ்வப்போது திறந்தது காரணமாக இருக்க முடியாது. ஒன்று, மூடி கசிகிறது. அல்லது வாங்கும்போதே பூ காய்ந்திருந்தது. மூடியைச் சோதிக்க எளிய வழி தராசு. பூவோடு மூடிய ஜாடியை 0.1 கிராம் வரை காட்டும் சமையல் தராசில் நிறுத்து, எண்ணை ஜாடியின் மேலேயே எழுதி வையுங்கள். இரண்டு வாரம் திறக்காமல் விட்டு மறுபடி நிறுங்கள். சில பத்தில் ஒரு பங்கு கிராம் குறைந்திருந்தால் மூடி கசிகிறது. எண் அசையாவிட்டால் மூடி நல்ல மூடி. ஜாடியைத் திறக்காமலே செய்யக்கூடிய சோதனை இது என்பதால் எனக்கு மிகவும் பிடித்தது. காலி ஜாடி என்றால் உள்ளே ஒரு காகிதக் கைக்குட்டையைப் போட்டு மூடி, வாளித் தண்ணீரில் தலைகீழாகப் பத்து நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். குமிழி வந்தாலோ காகிதம் நனைந்திருந்தாலோ அந்த மூடியை ஒதுக்கிவிடலாம்.

கசிவதற்கு வழக்கமான இடங்கள் சில உண்டு. கம்பிக் கொக்கியால் இழுத்துப் பூட்டும் ஜாடிகளில் ரப்பர் வளையம் நாளாக ஆகத் தட்டையாகி இறுக்கம் இழக்கிறது. போதாததற்குப் புது ரப்பரின் நெடியும் பூவில் ஏறும். சிலிகான் வளையமும் சிலிகான் டப்பாவும் பார்க்கச் சுத்தமாக இருந்தாலும், சிலிகான் வழியே ஆக்சிஜன் தாராளமாக ஊடுருவும், டெர்பீன்களையும் அது உறிஞ்சும். கீல் வைத்த தகர டப்பாக்கள் காற்றை அடைப்பதே இல்லை. சுருட்டு வைக்கும் மரப்பெட்டிகள் 65 முதல் 72 சதவீத ஈரப்பதத்துக்காகச் செய்யப்பட்டவை. பூவுக்கு அது அதிகம், தேவதாரு மர எண்ணெயின் வாசமும் சேர்ந்துவிடும். திருகு மூடியும் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் வட்டும் கொண்ட தடித்த கண்ணாடி ஜாடி இவை எல்லாவற்றையும்விட மேல்.

பிளாஸ்டிக் பை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அநேகம் பேர் வாங்கிய பையிலேயே மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். சாதாரண பாலித்தீன் காற்றை முழுதாக அடைக்காது. லிமோனீன் போன்ற மணப்பொருள்களைப் பாலித்தீன் தனக்குள் இழுத்துக்கொள்ளும். பையைக் காலி செய்த பிறகும் அதில் மணம் அடிப்பது அதனால்தான். அந்த மணம் உங்கள் பூவிலிருந்து போன பங்கு. பை கசங்கும்போது பூ நசுங்குகிறது, பையின் சுவரில் உண்டாகும் நிலைமின்சாரம் பிசின் தூளை ஒட்டவைத்துக்கொள்கிறது. ஓரிரு வாரத்தில் தீர்ந்துவிடும் என்றால் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் வாங்கிய அன்றே ஜாடிக்கு மாற்றுங்கள்.

அளவு முக்கியம். நசுக்காமல் தளர்வாகப் போட்டால் 28 கிராமுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் ஜாடி, 14 கிராமுக்கு அரை லிட்டர், 3.5 கிராமுக்கு 120 மில்லிலிட்டர் போதும். பூவின் அடர்த்திக்கு ஏற்ப இது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஜாடி முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கு நிறைந்த ஜாடிக்குத்தான் பொருந்தும். ஒரு லிட்டர் ஜாடியின் அடியில் ஒரு கிராம் பூ மட்டும் கிடந்தால், அதில் இருப்பது நூறு மில்லிகிராம் தண்ணீர்தான். பத்துப் பதினைந்து முறை திறந்தாலே அது காய்ந்துவிடும். மணத்துக்கு இது இன்னும் மோசம். பெரிய ஜாடியின் வெற்றிடம் முழுவதையும் டெர்பீன் ஆவி நிரப்புகிறது. திறந்தவுடன் அது அறைக்குள் போகிறது. மூடியதும் பூ மறுபடி அதை நிரப்புகிறது. திறந்ததும் மூக்கில் அடிக்கும் அந்த அருமையான மணம் கணக்கில் எழுதப்படாத செலவு. ஆகவே 28 கிராமையும் ஒரே ஜாடியில் வைத்துத் தினமும் திறப்பதை விட்டுவிடுங்கள். மூன்று அல்லது நான்கு ஜாடிகளாகப் பிரியுங்கள். ஒன்று அன்றாடப் பயன்பாட்டுக்கு, மற்றவை முறை வரும்வரை மூடியே இருக்கட்டும். அன்றாட ஜாடி குறையக் குறைய இன்னும் சின்ன ஜாடிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எந்த மணம் முதலில் போகும் என்பதும் தெரிந்திருந்தால் நல்லது. மிர்சீன், லிமோனீன், பைனீன் போன்ற சின்ன மூலக்கூறுகள் எளிதில் ஆவியாகும். எலுமிச்சை வாசம், தேவதாரு வாசம், பழவாசம் எல்லாம் இவற்றோடு போய்விடும். கேரியோஃபிலீன், ஹியூமுலீன் போன்ற பெரிய மூலக்கூறுகள் நின்று நிதானமாகப் போகும். அதனால் பழைய பூவில் மிளகுக் காரமும் மரவாசமும் மட்டும் எஞ்சும். பூ இந்த நிலைக்கு வந்துவிட்டால் அதற்கு ஈரம் சேர்ப்பதால் கிடைப்பது மென்மை மட்டுமே.

இனி அளப்பது. விரல் அளவே உள்ள சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை ஜாடிக்குள் போட்டு வையுங்கள். விலை மலிந்தவை மூன்று முதல் ஐந்து சதவீதம் தவறாகக் காட்டும். அது பெரிய குறையில்லை, தவறு எவ்வளவு என்று தெரிந்தால் போதும். அதற்கு உப்புச் சோதனை இருக்கிறது. புட்டி மூடி ஒன்றில் சாதாரணச் சமையல் உப்பை நிரப்பி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு ஈரமணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உப்பு கரைந்து குளமாகிவிடக் கூடாது. கரையாத உப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதையும் ஈரப்பதமானியையும் ஒன்றை ஒன்று தொடாமல் ஒரு சின்னக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடி, ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள். அறை வெப்பத்தில் உப்புக் கரைசலுக்கு மேலே உள்ள காற்று 75 சதவீதத்தில் வந்து நிற்கும், எங்கே செய்தாலும் இப்படித்தான். உங்கள் கருவி 71 காட்டினால் அது நான்கு குறைத்துக் காட்டுகிறது என்று பொருள். "+4" என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அதன் முதுகில் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யலாம்.

ஜாடிக்குள் வைத்த உடனே காட்டும் எண்ணை நம்பாதீர்கள். குறைந்தது 24 மணி நேரம் மூடி இருக்க வேண்டும். காரணம், பூவின் மேலிதழ்கள் காய்ந்தும் நடுக்காம்பு ஈரமாகவும் இருப்பது மிகச் சாதாரணம். மூடிய பிறகு அந்த ஈரம் மெல்ல வெளியே வந்து பூ முழுவதும் பரவும். முதல் மணி நேரத்தில் 56 காட்டிய ஜாடி மறுநாள் 68 காட்டுவது இப்படித்தான். தொட்டுப் பார்த்து "காய்ந்துதான் இருக்கு" என்று மூடி வைத்துவிட்டு, பத்தாம் நாள் பூசணத்தைக் கண்டு திகைப்பவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

ஒரு நாள் கழித்து எண் 70க்கு மேலே இருந்தால், பூவை வெளியே எடுத்து, சுத்தமான காகிதத்தில் பரப்பி, வெயில் படாத அறையில் இரண்டு மூன்று மணி நேரம் விட்டு, மறுபடி மூடி, மறுநாள் அளக்க வேண்டும். எடுக்கும்போதே ஒவ்வொரு பூவையும் பிரித்துப் பார்த்துவிடுங்கள், பூசணம் ஏற்கெனவே தொடங்கியிருக்கலாம். 65க்கும் 70க்கும் நடுவில் என்றால் மூடியை ஒரு மணி நேரம் திறந்து வைத்தாலே போதும். தேவைப்பட்டால் அடுத்த நாளும் அப்படியே. 55 முதல் 65 வரை என்றால் எதையும் செய்யாதீர்கள். "மூச்சு விடட்டும்" என்று தினமும் ஜாடியைத் திறக்கும் பழக்கம் புதிதாக உலர்த்திய பூவைப் பதப்படுத்தும் முதல் சில வாரங்களுக்கு உரியது. பதப்பட்டுக் கடைக்கு வந்த பூவுக்கு அது எந்த நன்மையும் செய்யாது, மணத்தை மட்டும் குறைக்கும். 50க்குக் கீழே என்றால் ஈரம் சேர்க்க வேண்டும்.

ஈரம் சேர்க்க ஆரஞ்சுத் தோல், எலுமிச்சைத் தோல், ரொட்டித் துண்டு, கீரை இலை, நனைத்த பஞ்சு என்று பலரும் பலவற்றைச் சொல்வார்கள். இவை எல்லாவற்றுக்கும் ஒரே குறை: எங்கே நிறுத்த வேண்டும் என்று இவற்றுக்குத் தெரியாது. ஈரமான தோலைச் சுற்றியுள்ள காற்று ஏறத்தாழ நூறு சதவீதம் வரை போகும். பக்கத்தில் இருக்கும் பூ நமத்துப்போகும், தூரத்தில் இருப்பது காய்ந்தே கிடக்கும். அதோடு பழத்தோலில் பூசண வித்துகள் இயல்பாகவே இருக்கின்றன. பூசணத்துக்கு உணவும் நீரும் விதையும் ஒருசேரக் கொண்டுபோய்க் கொடுப்பது போலாகும்.

அதற்குப் பதிலாக இருவழி ஈரப்பதப் பைகள் கிடைக்கின்றன. நீராவியை மட்டும் கடத்தும் சவ்வுக்குள் உப்புக் கரைசலை வைத்துச் செய்தவை இவை. காற்று வறண்டால் ஈரத்தை விடும், மிஞ்சினால் உறிஞ்சும், குறித்த சதவீதத்தில் நிற்கும். 58 என்றும் 62 என்றும் அச்சிட்டிருக்கும். 28 கிராம் பூவுக்கு எட்டுக் கிராம் பை ஒன்று சரியான அளவு. காய்ந்துபோனதை மீட்க 62, வழக்கமாக வைக்க 58 என்று வைத்துக்கொள்ளலாம். காய்ந்த பூவோடு பையைப் போட்டு மூடினால் இரண்டு மூன்று நாளில் மென்மை திரும்பும். மிகவும் சருகாக இருந்தால் பை தன் தண்ணீரையெல்லாம் கொடுத்துவிட்டுக் கெட்டியாகிவிடும், அப்போது இரண்டாவது பை தேவைப்படும். பை முழுவதும் விறைத்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. சில மாதங்களில் மாற்ற வேண்டிவரும். மூடி கசிந்தால் சில வாரங்களிலேயே. பை சீக்கிரம் சீக்கிரம் விறைக்கிறது என்றால் அடுத்த பையை வாங்குவதற்கு முன் மூடியைப் பாருங்கள்.

இந்தப் பை பூசணத்தைக் கொல்லாது. 75 காட்டும் ஜாடியில் இதைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. அவ்வளவு ஈரத்தை உறிஞ்ச இதற்குச் சக்தியும் இல்லை, நேரமும் ஆகும். முதலில் பரப்பி உலர்த்துங்கள், பிறகு பை. பூ தானாகவே 58க்கும் 62க்கும் நடுவில் நின்றால் பையே வேண்டாம். சிலிகா ஜெல் பொட்டலமும் அரிசியும் கூடவே கூடாது. சிலிகா ஜெல் உறிஞ்சிக்கொண்டே போகும், பூ சருகாகும் வரை நிற்காது. அரிசி அரைகுறையாக உறிஞ்சும், தூசியைத்தான் சேர்க்கும்.

அடுத்தது ஒளி. வீரியத்தைக் குறைப்பதில் ஒளிக்கு இருக்கும் பங்கைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 1976இல் வெளியான லண்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, சேமிப்பில் கன்னாபினாய்டுகள் (டிஎச்சி போன்ற பொருள்கள்) இழப்புக்குத் தனிப்பெரும் காரணம் ஒளிதான் என்று கண்டது. கவனமாகத் தயாரித்து இருட்டில், அறை வெப்பத்தில் வைத்த மூலிகைப் பூ ஓரிரு ஆண்டுகள் ஓரளவு நிலையாக இருக்கும் என்பதும் அதே ஆய்வின் முடிவு. வெளியே அழகாகத் தெரியட்டும் என்று தெளிந்த கண்ணாடி ஜாடியைத் திறந்த அலமாரியில் வைப்பது இதற்கு நேர் எதிர். பழுப்புக் கண்ணாடி புற ஊதாக் கதிரையும் நீல ஒளியின் பெரும்பகுதியையும் தடுக்கும். அழகான நீலக் கண்ணாடி தடுக்காது. கண்ணுக்கு இருட்டாகத் தெரிவதை வைத்து ஏமாறக் கூடாது. கையில் இருப்பது தெளிந்த ஜாடிதான் என்றால் கவலை வேண்டாம், கதவுள்ள அலமாரிக்குள் ஓர் அட்டைப்பெட்டியில் வைத்தாலே ஒளிப் பிரச்சினை தீர்ந்தது. செலவில்லாத பாதுகாப்பு இது.

இருட்டிலும் காலம் தன் வேலையைச் செய்யும். மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் அறை வெப்பத்தில் வைத்த மாதிரிகளை ஆராய்ந்து 1990களின் இறுதியில் வெளியிட்ட முடிவுகளில், டிஎச்சி அளவு சராசரியாக முதல் ஆண்டில் 16.6 சதவீதமும், இரண்டாம் ஆண்டு முடிவில் 26.8 சதவீதமும், மூன்றில் 34.5 சதவீதமும், நான்கில் 41.4 சதவீதமும் குறைந்திருந்தது. முதல் ஆண்டில்தான் சரிவு அதிகம் என்பதைக் கவனியுங்கள். டிஎச்சி ஆக்சிஜனோடு சேர்ந்து சிபிஎன் என்ற பொருளாக மாறுகிறது. அதன் வீரியம் டிஎச்சியைவிட மிகக் குறைவு. பழைய பூ நஞ்சாகிவிடுவதில்லை, ஆனால் அளவு தெரிந்து எடுத்துக்கொள்ளும் நோயாளிக்கு இந்த வேறுபாடு முக்கியம். ஓராண்டு பழைய ஜாடிக்குப் பழகிய அளவை, புதிதாக வாங்கிய பூவிலும் அப்படியே எடுத்தால் அது கூடுதலாகத் தாக்கும்.

பூவை அரைத்து வைக்காதீர்கள். அரைத்தவுடன் பிசின் சுரப்பிகள் உடைந்து, காற்றுபடும் பரப்பு பலமடங்காகிறது. முழுப் பூவில் மாதங்களில் நடப்பது தூளில் சில நாட்களில் நடந்துவிடும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள்.

வெப்பம், இடம். 15 முதல் 21 பாகை வரை நல்லது. வெப்பம் கூடக் கூட ஆவியாவதும் சிதைவதும் இரண்டும் வேகம் பிடிக்கும். ஒரே சீராக இருப்பதும் குளிர்ச்சிக்குச் சமமான முக்கியம் உடையது. சமையலறை அலமாரி இதனால்தான் சரியான இடமில்லை: அடுப்பின் சூடு, கொதிக்கும் ஆவி, ஃபிரிட்ஜின் பின்பக்கச் சூடு எல்லாம் அங்கே ஏறி இறங்கும். குளியலறை, சன்னல் ஓரம், தொலைக்காட்சிக்கும் ரவுட்டருக்கும் மேல்தட்டு, நிறுத்தி வைத்த கார் ஆகியவையும் வேண்டாம். வெளிச்சுவரை ஒட்டாத உள்ளறை அலமாரியின் கீழ்த்தட்டு பெரும்பாலான வீடுகளில் மிகச் சிறந்த இடம். மேலே ஏறும் சூடு அங்கே எட்டாது.

ஃபிரிட்ஜ் பற்றி இரண்டு பக்கமும் மிகைப்படுத்திப் பேசுகிறார்கள். குளிர் பூவுக்குத் தீங்கல்ல. குளிர்ந்த ஜாடியை உடனே திறப்பதுதான் தீங்கு. அறைக்காற்றில் உள்ள நீராவி குளிர்ந்த பூவின் மேல் பனித்துளியாகப் படியும், குளிர்ந்த தண்ணீர்ப் புட்டி வியர்ப்பது போல. தினமும் நாலு முறை எடுத்துத் திறந்து மூடினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஈரம் உள்ளே போகும், ஒரு நாள் பூசணமாக எழும். ஆகவே அன்றாட ஜாடிக்கு ஃபிரிட்ஜ் வேண்டாம். மாதக்கணக்கில் தொடாத ஜாடி, வீடோ மிகவும் வெக்கை என்றால் ஃபிரிட்ஜில் வைக்கலாம், மூடி உண்மையிலேயே கசியாததாக இருந்தால். எடுத்த பின் அறை வெப்பத்துக்கு வரும்வரை, அதாவது குறைந்தது நாலைந்து மணி நேரம், திறக்கவே கூடாது.

ஃபிரீசர் ஓராண்டுக்கு மேல் வைப்பவர்களுக்கு மட்டும். மைனஸ் 18 பாகையில் வேதிச் சிதைவு மிகவும் மெதுவாகும். ஆனால் பிசின் சுரப்பிகள் கண்ணாடிபோல் நொறுங்கும் நிலைக்கு வருகின்றன; உறைந்த ஜாடியைக் குலுக்கினாலோ பூவை விரலால் எடுத்தாலோ வீரியத்தின் ஒரு பகுதி தூளாக அடியில் உதிரும். ஈரப்பதம் 60ஐத் தாண்டாத பூவை மட்டும் உறையவையுங்கள். ஒரு முறைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, சின்னச் சின்ன ஜாடிகளில் வைத்து, எடுத்ததை மறுபடி உள்ளே வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்த பின் ஓர் இரவு முழுவதும் மூடியபடி கிடக்கட்டும்.

காற்றை உறிஞ்சி எடுக்கும் வெற்றிடப் பைகள் பூவை அமுக்கித் தட்டையாக்கிவிடும், வேண்டாம். வெற்றிட மூடியுள்ள விறைப்பான ஜாடி பரவாயில்லை. ஆனால் ஒவ்வொரு முறை பம்ப் அடிக்கும்போதும் ஆக்சிஜனோடு மணமும் வெளியேறுகிறது. அதனால் தினமும் திறக்கும் ஜாடிக்கு அது பயனற்றது, மூடி மறந்துவிடும் ஜாடிக்கு மட்டும் பொருந்தும். இரும்புத்தூள் அடங்கிய ஆக்சிஜன் உறிஞ்சிப் பொட்டலமும் அப்படித்தான். ஒரு லிட்டர் காற்றில் 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருப்பதால் 300 சிசி பொட்டலம் ஒன்று தாராளம். ஒருமுறை திறந்தால் அதன் சக்தி தீரத் தொடங்கும்.

பூசணத்துக்கு வருகிறேன். இதில் தயவு தாட்சண்யம் பார்க்கக் கூடாது. பூவின் மேலே வெள்ளையாக மின்னுவது பிசினா பூசணமா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். 30 அல்லது 60 மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று போதும். பிசின் சுரப்பி தனித்தனியாக, காம்பும் உருண்டைத் தலையுமாக, கண்ணாடிக் குண்டூசிபோல் நிற்கும். பூசணம் ஒன்றோடொன்று பின்னிய நூலாம்படைபோல் இருக்கும், இதழிலிருந்து இதழுக்குத் தாவியிருக்கும். சாம்பல் பூசணம் பூவின் நடுவில், காம்பை ஒட்டித் தொடங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஆகவே சந்தேகம் வந்தால் தடித்த பூவை நடுவே பிளந்து பாருங்கள். உள்ளே பழுப்பாக, சாம்பல் தூசியாக இருந்தால் அதுதான். மூக்கும் உதவும்: மக்கல் நெடி, ஈரச் சாக்கு வாசம் என்றால் பூசணம், அம்மோனியா நெடி என்றால் மிஞ்சிய ஈரத்தோடு அடைத்ததால் காற்றில்லாமல் வளரும் பாக்டீரியா வேலை தொடங்கியிருக்கிறது. வைக்கோல் வாசம் மட்டும் அடித்தால் அது பெரும்பாலும் அவசரமாக உலர்த்திய பூ அல்லது மணம் போன பூ, ஆபத்தில்லை.

பூசணம் கண்ட பூவை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வித்துகள் ஜாடி முழுவதும் பரவியிருக்கும். வெயிலில் காயவைப்பது பூசணத்தை உறங்கவைக்குமே தவிர, வித்துகளையும் அது உண்டாக்கிய நச்சுகளையும் போக்காது. எரிப்பதாலும் ஆவியாக்குவதாலும் எல்லா வித்தும் சாகும் என்று நம்பவும் இடமில்லை. ஆஸ்பர்ஜில்லஸ் வகைப் பூசணம் நல்ல உடல்நிலை உள்ளவருக்கே இருமலும் ஒவ்வாமையும் தரலாம். புற்றுநோய் மருந்தில் இருப்பவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் ஆகியோருக்கு நுரையீரலில் உயிரைப் பறிக்கும் தொற்றாக மாறலாம். மருந்தாக இதை எடுத்துக்கொள்பவர்களில் இத்தகையோர் பலர் உண்டு என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஜாடியில் உள்ளது முழுவதையும் எறிந்துவிடுங்கள். ஜாடியைச் சூடான சோப்புத் தண்ணீரில் கழுவி, பிசின் ஒட்டியிருந்தால் ஆல்கஹாலால் துடைத்து, சொட்டு ஈரமும் இல்லாமல் காயவைத்த பிறகே மறுபடி பயன்படுத்த வேண்டும். மூடியின் உள்வட்டைக் கழற்ற முடிந்தால் அதையும் கழற்றிக் கழுவுங்கள். ஈரம் அங்கேதான் ஒளிந்துகொள்ளும்.

பிசின் கட்டியாக இருந்தால் எண்ணெய் ஊறாத தாளில் சுற்றி, சின்னக் கண்ணாடிக் குப்பியில், குளிர்ந்த இருட்டில் வையுங்கள். அதற்கு ஈரப்பதப் பை தேவையில்லை. கஞ்சா சேர்த்த தின்பண்டம் என்றால் அந்தப் பண்டம் எத்தனை நாள் தாங்குமோ அத்தனை நாள்தான்.

கடைசியாக, ஜாடியின் மேல் என்ன எழுத வேண்டும் என்பது. பூவின் வகை, பொதிந்த தேதி, டிஎச்சி, சிபிடி (போதை தராத இன்னொரு கன்னாபினாய்டு) சதவீதம், தொகுதி எண், நீங்கள் மூடிய தேதி, மூடியபோது இருந்த எடை. கடைப் பொட்டலத்தின் சீட்டையும் எறியாமல் ஜாடியோடு வையுங்கள். அந்தத் தொகுதியில் குறை என்று அறிவிப்பு வந்தால் எண் வேண்டும், சட்டப்படி வாங்கியதற்கும் அதுவே சான்று. பொதிந்த தேதி பழையதை முதலில் தீர்க்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் தீரும் அளவுக்கு வாங்குவதே எந்த ஜாடியையும்விட மேலான சேமிப்பு.

ஜாடிக்கு மாற்றும்போது ஒன்றை இழக்கிறோம்: கடைப் பொட்டலத்தில் குழந்தைகள் திறக்க முடியாத மூடி இருந்தது, உங்கள் ஜாடியில் அது இல்லை. வீட்டில் குழந்தைகளோ நாய், பூனையோ இருந்தால் ஜாடிகளைப் பூட்டுள்ள பெட்டியில் வைத்து, சாவியை வேறிடத்தில் வையுங்கள். தின்பண்ட வகைதான் குழந்தைகளை அதிகம் ஈர்க்கும், அதனால் அதைச் சாப்பாட்டுப் பொருள்களோடு ஒரே தட்டில் வைக்கவே கூடாது. குழந்தை தெரியாமல் எதையாவது விழுங்கிவிட்டால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல், பொட்டலச் சீட்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். விழுங்கியதன் விளைவு தெரிய ஒன்றிரண்டு மணி நேரம்கூட ஆகலாம், சீட்டில் உள்ள அளவு மருத்துவருக்கு உதவும்.